இடைக்கால வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைத் திரையில் படிப்பதும் குறிப்பெடுப்பதும்: முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் யார்க் மின்ஸ்டர் பேராலயத்தில் உள்ள பெரிய கிழக்கு ஜன்னலை ஒரு டென்னிஸ் மைதானத்தோடு ஒப்பிடுவார்கள். அவ்வளவு பெரியது. 1405-ல் கவென்ட்ரியைச் சேர்ந்த ஜான் தோர்ன்டன் என்ற கண்ணாடிக் கலைஞரோடு ஒப்பந்தம் போட்டு, மூன்று வருடத்தில் முடித்துத் தரச் சொன்னார்கள். 1408-ல் முடித்தார். எல்லாம் சேர்த்துக் கூலி 56 பவுண்டு. மொத்தம் 311 பேனல்கள், அதாவது ஜன்னலைப் பிரித்திருக்கும் தனித்தனிக் கண்ணாடிப் பகுதிகள். உச்சியில் கடவுள் அமர்ந்திருக்கிறார், கையில் விரித்த புத்தகம், அதில் லத்தீன் எழுத்து. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அது ஒரு வெளிச்சப் புள்ளி, அவ்வளவுதான்.

நான் அந்த ஜன்னலின் முன் நின்றதில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்திருக்கிறேன். வீட்டு மேஜையில், மடிக்கணினியில், காப்பி ஆறிக்கொண்டிருக்கும்போது.

இந்த வழிகாட்டி அதைப் பற்றியதுதான். இடைக்கால ஐரோப்பிய வண்ணக் கண்ணாடிகளை இணையத்தில் எங்கே தேடுவது, எப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பது, பார்த்ததைப் பிறகு தொலைந்துபோகாதபடி எப்படிக் குறித்து வைப்பது. கருவிகள் எல்லாமே இலவசம். கணினி மட்டும் வேண்டும். போனில் பார்க்கலாம், குறிப்புப் போட முடியாது. மவுஸ் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், விரலால் தடவித் தடவிக் கோடு வரைய ஆரம்பித்தால் ஒரே நாளில் வெறுத்துவிடும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே வரும் எல்லாப் படிகளும் இதை நம்பித்தான் இருக்கின்றன. எந்த இடைக்கால ஜன்னலும் முழுக்க முழுக்க இடைக்காலத்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புயல், போர், மத மாற்றங்கள், அப்புறம் நல்லெண்ணத்தோடு வந்த சீரமைப்பாளர்கள். ஒரே பேனலில் முகம் 15ஆம் நூற்றாண்டு, மேலங்கி 19ஆம் நூற்றாண்டு, மூலையில் செருகியிருப்பது வேறொரு ஜன்னலின் உடைந்த துண்டு என்று இருக்கும். அதனால் "இந்தப் படம் இன்னது" என்று ஒரு வரி எழுதி நிறுத்தினால் பாதி பொய்யாகிவிடும். குறிப்பு கண்ணாடித் துண்டின் மேல் விழ வேண்டும்.

படி 1: முகவரி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் படத்தை இறக்கிவிட்டு, பிறகு அது எந்த ஜன்னல் என்று தேடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், இரண்டு வாரம் வீணாயிற்று. முகவரிதான் முதலில்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1952-ல், ஐரோப்பாவின் இடைக்காலக் கண்ணாடிகளை எல்லாம் பட்டியலிட ஒரு பன்னாட்டுத் திட்டம் தொடங்கியது. பெயர் கார்ப்பஸ் விட்ரேரம். பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளில் அதன் முறைப்படி ஜன்னல்களுக்கு எண் இப்படி வரும். பலிபீடத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். நேர் எதிரே, நடு அச்சில் இருக்கும் கிழக்கு ஜன்னல் 1. அங்கிருந்து உங்கள் இடப்பக்கம் வடக்கு, வலப்பக்கம் தெற்கு. வடக்குக்கு ஆங்கில எழுத்து 'என்', தெற்குக்கு 'எஸ்'. வடக்கில் அடுத்தடுத்து என் 2, என் 3 என்றும், தெற்கில் எஸ் 2, எஸ் 3 என்றும் உங்களை நோக்கி வரும். எண்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். யார்க்கில் புனித வில்லியம் ஜன்னல் என் 7, புனித கத்பர்ட் ஜன்னல் எஸ் 7. எண்ணைப் பார்த்தாலே இரண்டும் எதிரெதிரே இருப்பது தெரிந்துவிடுகிறது.

கீழ்த்தள ஜன்னலுக்குச் சிறிய எழுத்து, மேல்தள ஜன்னலுக்குப் பெரிய எழுத்து. இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். கோப்புகளுக்கு இதே பெயரை அப்படியே வைத்தேன். என் கணினிக்குச் சிறிய 'என்' எழுத்தும் பெரிய 'என்' எழுத்தும் ஒன்றுதான். மேல்தளப் படத்தைச் சேமித்தபோது கீழ்தளப் படம் அழிந்துபோனது, கணினி "மாற்றவா?" என்று கேட்டிருக்கும், நான் யோசிக்காமல் சரி என்று தட்டியிருப்பேன். இப்போது "கீழ்-வட-02", "மேல்-வட-02" என்றுதான் பெயர் வைக்கிறேன்.

ஜன்னலுக்குள் பேனல்களுக்கும் முகவரி உண்டு. கிடைமட்ட வரிசைகள் கீழிருந்து மேலே 1, 2, 3. நெடுக்குப் பத்திகள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி. ஆக, இடது கீழ் மூலை 1ஏ. யார்க் கிழக்கு ஜன்னலில் ஒன்பது பத்திகள். அடிவரிசையின் நடுவில் மண்டியிட்டிருப்பவர் ஜன்னலுக்குப் பணம் கொடுத்த டர்ஹம் ஆயர் வால்டர் ஸ்கர்லா. நடுப்பத்தி ஐந்தாவது, எனவே அவர் இருப்பது 1ஈ.

எண் கீழிருந்து மேலே போகிறது என்பதற்காகக் கதையும் அப்படிப் போகும் என்று நினைக்காதீர்கள். பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் பெரும்பாலான கதை ஜன்னல்களைக் கீழிருந்துதான் படிக்க வேண்டும். யார்க் கிழக்கு ஜன்னல் தலைகீழ்: உலகப் படைப்பு மேலே, அதற்குக் கீழே யோவான் கண்ட உலக முடிவின் காட்சிகள், அடியில் மன்னர்களும் ஆயர்களும். எண்ணையும் கதை வரிசையையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள்.

பிரெஞ்சுக்காரர்களுக்கு வேறு முறை. நடு ஜன்னல் 0, வடக்கே ஒற்றை எண்கள், தெற்கே இரட்டை எண்கள், மேல்தளம் 100-லிருந்து. ஷார்த்ரின் நோவா ஜன்னல் 47, நல்ல சமாரியன் ஜன்னல் 44, நீல மாதா என்று பலரும் தேடிப் போகும் ஜன்னல் 30. பழைய புத்தகங்களில் இதே ஜன்னல்களுக்கு வேறு எண்கள் இருக்கும். அதனால் எண்ணோடு சேர்த்து எந்த முறையில் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: படங்களைத் தேடுங்கள்

யார்க்கில் தொடங்குவது எளிது. அங்கே பேராலயக் கண்ணாடிகளைப் பராமரிக்கும் யார்க் கிளேசியர்ஸ் டிரஸ்ட், ஸ்டெயின்ட் கிளாஸ் நேவிகேட்டர் என்ற தளத்தை வைத்திருக்கிறது. ஜன்னலின் முழுப் படம் வரும். ஒரு பேனலைத் தொட்டால் அது பெரிதாகும், விளக்கமும் கிடைக்கும். குறிப்பெடுக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு மாலை முழுக்க அதில் சும்மா அலையுங்கள். ஜன்னலின் அமைப்பு மனதில் பதிந்துவிடும். கிழக்கு ஜன்னலை 2008-ல் கழற்றி, பேனல் பேனலாகச் சுத்தம் செய்து, 2018-ல் திரும்பப் பொருத்தி முடித்தார்கள். அதனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது அந்த வேலைக்கு முன் எடுத்ததா பின் எடுத்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பிரிட்டன் முழுவதற்கும் கார்ப்பஸ் விட்ரேரத்தின் பிரிட்டிஷ் படக் காப்பகம் இருக்கிறது. ஊர், கட்டடம், காட்சி என்று தேடலாம். சிறு கிராமத்துத் தேவாலயங்களின் கண்ணாடிகள் அதில் கிடைப்பதுதான் எனக்குப் பிடித்தது. பெரிய பேராலயங்களை எல்லோரும் பார்க்கிறார்கள். ஜெர்மனியின் கார்ப்பஸ் தளத்தில் படக் கோப்புக்குள்ளேயே இடம், காலம், காட்சி எல்லாம் பதிந்து வைத்திருக்கிறார்கள், படத்தை இறக்கினால் தகவலும் கூடவே வந்துவிடும். சுவிட்சர்லாந்துக்கு விட்ரோசர்ச். ஷார்த்ர் என்றால் விக்கிமீடியா காமன்ஸ். யாரோ பொறுமைசாலிகள் ஜன்னல் எண் வாரியாகப் படங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

அருங்காட்சியகங்களை மறக்க வேண்டாம். தேவாலயங்களிலிருந்து கழற்றப்பட்ட கண்ணாடிகள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் கிளாய்ஸ்டர்ஸ் பிரிவில் ஜெர்மனியின் போப்பார்ட் ஊர்க் கண்ணாடிகள் இருக்கின்றன. காப்புரிமை இல்லாத படைப்புகளின் படங்களை 2017 முதல் அந்த அருங்காட்சியகம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் தருகிறது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பாரிஸின் சேன்ட் ஷாப்பெல் தேவாலயத்துப் பேனல்கள் சில உள்ளன. அருகில் நின்று எடுத்த, கண் மட்டத்துப் படங்கள் என்பதால் புதியவர்கள் பழகுவதற்கு இவைதான் ஏற்றவை.

ஒவ்வொரு படத்தின் உரிம வரியையும் இறக்கும்போதே நகலெடுத்து வைத்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

படி 3: ட்ரிபிள் ஐ எஃப் என்றால் என்ன

நூலகங்களும் அருங்காட்சியகங்களும் சேர்ந்து 2011 வாக்கில் தொடங்கிய ஒரு பொதுவான படப் பகிர்வு முறை இது. ஆங்கிலத்தில் மூன்று ஐ, ஓர் எஃப். வாயில் சொல்லும்போது ட்ரிபிள் ஐ எஃப். இதன் பயன் எளிது: படம் அவர்கள் சர்வரிலேயே இருக்கும், நீங்கள் விரும்பும் மென்பொருளில் அதைத் திறக்கலாம். லண்டன் பேனலையும் சிகாகோ பேனலையும் ஒரே திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இதற்கு மேனிஃபெஸ்ட் என்ற ஒரு முகவரி வேண்டும். பொருளின் பக்கத்தில் ட்ரிபிள் ஐ எஃப் சின்னம் அல்லது மேனிஃபெஸ்ட் என்ற இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை நகலெடுத்து, மிராடோர் என்ற பார்வைக் கருவியின் முன்னோட்டப் பக்கத்தில் கூட்டல் குறியைத் தட்டி ஒட்டுங்கள். படம் திறக்கும். இன்னொரு மேனிஃபெஸ்டையும் அதேபோலச் சேர்த்தால் இரண்டும் அருகருகே நிற்கும்.

இன்னொரு வசதி பலருக்குத் தெரியாது. இந்த முறையில் படத்தின் இணைய முகவரியே ஒரு கட்டளை மாதிரி வேலை செய்யும். படத்தின் அடையாளத்துக்குப் பிறகு நான்கு பகுதிகள் சாய்கோடு போட்டு வரும்: எந்தப் பகுதி, என்ன அளவு, எவ்வளவு சுழற்சி, என்ன தரம். பகுதி என்ற இடத்தில் 1200,3400,800,800 என்று எழுதினால், இடமிருந்து 1200 பிக்சலும் மேலிருந்து 3400 பிக்சலும் தள்ளி, 800-க்கு 800 சதுரம் மட்டும் வரும். ஒரு முகத்தை மட்டும் நண்பருக்கு அனுப்ப வேண்டுமா, படத்தை வெட்ட வேண்டாம், இந்த முகவரியை அனுப்பினால் போதும். மூன்றாவது இடத்தில் சுழற்சி எண்ணுக்கு முன் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் படம் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறும். எல்லா சர்வர்களும் இதற்கு இணங்காது. இணங்கினால் அடுத்த படிக்கு உதவும்.

படி 4: படம் சரியான பக்கமா என்று பாருங்கள்

கண்ணாடிக்கு இரண்டு பக்கம். பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்யும்போது புரட்டிப் போட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து எடுத்த படங்களும் உண்டு. இதைக் கவனிக்காமல் குறிப்புப் போட்டால் ஏ பத்தி எல்லாம் கடைசிப் பத்தி ஆகிவிடும்.

எழுத்து இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். எழுத்து இல்லையென்றால் கை: ஆசீர்வதிக்கும் கை வலக்கை. வாள் இடது இடுப்பில் தொங்கும். இது எதுவும் இல்லையென்றால் அதே ஜன்னலின் வேறொருவர் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம், சீரமைப்பாளர்களே ஒரு துண்டை மட்டும் உள்ளே வெளியே மாற்றிப் பொருத்திய கதைகளும் உண்டு. அப்படி ஒரு துண்டு மட்டும் புரண்டு இருந்தால் அதுவே குறிக்க வேண்டிய செய்தி.

படி 5: ட்ரோப்பியில் உங்கள் சேகரிப்பை அமைத்தல்

ட்ரோப்பி என்பது ஆராய்ச்சிப் படங்களை ஒழுங்குபடுத்தவென்றே செய்த இலவச மென்பொருள். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து ராய் ரோசன்ஸ்வைக் மையம் 2017-ல் வெளியிட்டது. வரலாற்று மாணவர்கள் ஆவணப் படங்களுக்குப் பயன்படுத்துவது; கண்ணாடிக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

புதிய திட்டம் தொடங்கும்போது படங்களைத் திட்டத்துக்குள்ளேயே நகலெடுத்து வைக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் பிறகு ஒரு நாள் ஃபோல்டரை நகர்த்துவீர்கள், எல்லாப் படமும் காணாமல் போகும்.

பிறகு உங்களுக்கென்று ஒரு படிவம் தயார் செய்யுங்கள். நான் வைத்திருக்கும் கட்டங்கள்: ஊர், கட்டடம், ஜன்னல் எண், எண் முறை, பேனல், கதை வரிசை, படத்தின் மூலம், உரிமம், படம் எடுத்த ஆண்டு, உட்பக்கமா வெளிப்பக்கமா, ஊடுருவும் ஒளியா மேல்விழும் ஒளியா. கடைசிக் கட்டம் தேவையில்லாதது போலத் தோன்றும். ஆனால் வெளிச்சம் கண்ணாடி வழியாக வரும்போது நிறம் தெரியும், ஈயம் வெறும் கறுப்பு நிழலாகும். வெளிச்சம் மேலே விழும்போது நிறம் செத்துவிடும், ஆனால் ஈயத்தின் பற்றவைப்பும், கண்ணாடியின் அரிப்பும், சாயத்தின் தடிப்பும் தெரியும். இரண்டு வகைப் படமும் கிடைத்தால் ஒரே பொருளாகச் சேர்த்துவிடுங்கள். ட்ரோப்பியில் ஒன்றை இழுத்து மற்றொன்றின் மேல் போட்டால் சேர்ந்துவிடும்.

படத்தை இருமுறை தட்டித் திறந்தால், தேர்வுக் கருவியால் ஒரு பகுதியைச் செவ்வகமாக எடுக்கலாம். அந்தச் செவ்வகத்துக்குத் தனியாகத் தகவலும் குறிப்பும் எழுதலாம். குறிப்பைத் தமிழில் எழுதுவதில் எந்தச் சிக்கலும் இல்லை. நான் எழுதுவது தமிழில்தான். தேடல் சொற்களாகப் போடும் குறிச்சொற்களை மட்டும் பிறரும் புரிந்துகொள்ளும்படி ஆங்கிலத்தில் வைக்கிறேன்.

படி 6: எதைக் குறிப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கருவி எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

முதலில் ஈயப்பட்டைகளைப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் கறுப்புக் கோடுகள்தான் அவை. அசல் ஈயம் ஓவியத்தோடு ஒத்துப்போகும்: தோளின் ஓரம், அங்கியின் விளிம்பு, முகத்தைச் சுற்றி. அதைவிட்டு ஒரு கோடு நெற்றியிலிருந்து கன்னம் வழியாகக் கோணலாக இறங்கினால், அங்கே கண்ணாடி உடைந்திருக்கிறது, ஒட்டுவதற்காக ஈயம் வைத்திருக்கிறார்கள். இப்படி ஒட்டு ஈயங்கள் சிலந்தி வலைபோல் ஓடும் முகங்களை நிறையப் பார்ப்பீர்கள். ஒட்டு ஈயம் உள்ள துண்டு பெரும்பாலும் பழைய துண்டு. புதிதாகச் செய்து வைத்ததை யாரும் அவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அடுத்து மஞ்சள். ஐரோப்பிய ஜன்னல்களில் வெள்ளிச் சாயம் பரவியது 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் மேல், வழக்கமாக வெளிப்பக்கத்தில் பூசிச் சூளையில் வைத்தால் அந்த இடம் மட்டும் மஞ்சளாகும். அதனால் ஒரே வெள்ளைத் துண்டில் முகம் வெள்ளையாகவும் முடி பொன்னிறமாகவும், நடுவில் ஈயமே இல்லாமல் இருக்கும். 12ஆம் நூற்றாண்டு என்று சொல்லப்படும் பேனலில் இப்படி ஒரு துண்டைப் பார்த்தால் உடனே குறியுங்கள். அந்தத் துண்டு பிறகு வந்தது. ஒரே துண்டின் அளவில் மட்டும் இந்த முடிவு செல்லும். அதை வைத்துப் பேனல் முழுவதையும் சந்தேகிக்கக் கூடாது.

சிவப்புக்கு ஒரு தனிக் கதை. செம்பால் நிறமேற்றிய கண்ணாடியைத் தடிமனாகச் செய்தால் வெளிச்சமே நுழையாது. எனவே வெள்ளைக் கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலமாகச் செய்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் இடைக்காலச் சிவப்பில் கோடு கோடாக ஏற்ற இறக்கம் தெரியும். முழுக்க ஒரே சீராகத் தட்டையாக இருக்கும் சிவப்பு என் கண்ணுக்கு உறுத்தும்; குறிப்பில் "சீரான சிவப்பு" என்று எழுதிவிடுவேன், காலம் எழுத மாட்டேன்.

அப்புறம் கறுப்புப் புள்ளிகள். மரச் சாம்பலால் செய்த கண்ணாடி காலப்போக்கில் மழையால் அரிக்கப்பட்டுக் குழி விழும். குழி ஊடுருவும் ஒளியில் கறுப்பாகத் தெரியும். கண், மூக்கு, மடிப்புகள் வரைந்த சாயமும் கறுப்புதான். தூரிகைக் கோட்டுக்கு ஒரு போக்கு இருக்கும், தொடங்கும் இடத்தில் தடித்து முடியும் இடத்தில் மெலியும். குழிகளுக்குப் போக்கு இருக்காது. முதல் மாதத்தில் ஒரு புனிதருக்கு நான் தாடி இருப்பதாகக் குறித்து வைத்திருந்தேன். அது தாடி இல்லை, அரிப்பு.

இவற்றையெல்லாம் குறிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கலக்காதீர்கள்: என் கண் பார்த்தது, பிறர் சொன்னது. ஒவ்வொரு குறிப்பிலும் முதல் வரி "பார்த்தது", இரண்டாவது வரி "சொல்லப்படுவது, சொன்னவர், ஆண்டு". இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயம். அங்கே கொலையுண்ட பேராயர் புனித தாமஸ் பெக்கெட்டின் அற்புதங்களைக் காட்டும் ஜன்னல்களில், பயணிகள் கேன்டர்பரிக்குப் போகும் ஒரு பேனலைப் பின்னாளைய சீரமைப்பு வேலை என்று நீண்ட காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். 2018-ல் வரலாற்றாசிரியர் ரேச்சல் கூப்மன்ஸும் பேராலயத்தின் கண்ணாடிப் பாதுகாப்பாளர் லியோனி செலிகரும் துண்டு துண்டாக ஆராய்ந்து, பெரும்பகுதி 1180-களைச் சேர்ந்த அசல் கண்ணாடி என்று காட்டினார்கள். அதே பேராலயத்தில் கிறிஸ்துவின் முன்னோர்களைக் காட்டும் வரிசையில் சில உருவங்கள், 1174 தீ விபத்துக்கும் முந்தியவையாக, 1130-க்கும் 1160-க்கும் இடைப்பட்டவையாக இருக்கலாம் என்று 2021-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் சொன்னார்கள். கையடக்க எக்ஸ் கதிர்க் கருவியைக் கண்ணாடியின் மேல் வைத்து, அதில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று அளந்துதான். காலக் கணிப்பு மாறும். "சொல்லப்படுவது" வரியை மாற்றிக்கொள்ளலாம். "பார்த்தது" வரி அப்படியே நிற்கும்.

படி 7: ஈய வரைபடம்

செவ்வகம் போதாத இடம் வரும். கண்ணாடித் துண்டு செவ்வகமாக இருக்காதே. அதற்கு இங்க்ஸ்கேப் என்ற கோட்டோவிய மென்பொருள்.

படத்தைத் திறந்ததும் ஆவணத்தின் அளவைப் படத்தின் பிக்சல் அளவுக்கே வையுங்கள். படம் 3000-க்கு 4200 என்றால் ஆவணமும் அதுவே. இதைச் செய்யாவிட்டால் நீங்கள் வரைந்த கோடுகளை வேறு கருவிக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் இடம் பெயரும். படம் இருக்கும் அடுக்கைப் பூட்டுங்கள். அதன் மேல் மூன்று அடுக்குகள்: அசல் ஈயம், ஒட்டு ஈயம், சந்தேகத் துண்டுகள். பேனா கருவியால் ஈயத்தின் நடுவே கோடு இழுங்கள், ஓரத்தில் வேண்டாம். ஒட்டு ஈயத்துக்கு வேறு நிறம். சந்தேகத் துண்டுகளுக்கு உள்ளே லேசான நிறம் பூசி, ஒளிபுகாத் தன்மையைப் பாதியாக்குங்கள்.

ஒரு சராசரி பேனலுக்கு எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கிறது. எரிச்சலான வேலைதான். ஆனால் முடித்த பிறகு படத்தின் அடுக்கை மறைத்துவிட்டு அசல் ஈயத்தை மட்டும் பாருங்கள்: ஓவியத்தின் எலும்புக்கூடு தெரியும். கண்ணாடி வெட்டுவதற்கு முன் பட்டறையில் வரைந்து வைத்த கோடு கிட்டத்தட்ட இதுதான். ஒரே ஜன்னலில் இரண்டு உருவங்களுக்கு ஒரே எலும்புக்கூடு அமைந்தால் வரைபடத்தை மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்களா என்று தேடலாம். ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்க்கும் வேலை இங்க்ஸ்கேப்பில் ஒரு நிமிடம்.

படி 8: எழுத்துகளைப் படித்தல்

பிந்தைய இடைக்காலத்து எழுத்து தடித்த கோணலான வகை. அதில் எம், என், யு, ஐ எல்லாமே வரிசையாக நின்ற குச்சிகள். ஐந்து குச்சி இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். எனவே முதலில் குச்சிகளை எண்ணி எழுதுங்கள், சொல்லை ஊகிப்பது பிறகு. எழுத்தின் மேல் ஒரு கிடைக்கோடு இருந்தால் அங்கே எழுத்து விடுபட்டிருக்கிறது என்று பொருள், பெரும்பாலும் எம் அல்லது என். நிரப்பும் எழுத்தை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அசலில் இருப்பதுபோல் எழுதிவிடாதீர்கள். இருட்டாக இருந்தால் கிம்ப் மென்பொருளில் ஒளி அளவுகளை இழுத்துப் பார்க்கலாம். திருத்திய படத்தைத் தனிப் பெயரில் சேமியுங்கள்.

யார்க் உச்சியில் இருக்கும் புத்தகத்தில் எழுதியிருப்பது "எகோ சும் ஆல்ஃபா எத் ஓமேகா". நானே ஆல்ஃபாவும் ஓமேகாவும். தமிழ் விவிலியத்தைத் திறந்தால் அதே வாசகம் வெளிப்படுத்தின விசேஷத்தில் இருக்கிறது. இந்த ஜன்னலின் பெரும்பகுதிக்கு அந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாலே போதும், அத்தியாயம் அத்தியாயமாகப் பேனல்கள் இறங்கி வரும்.

படி 9: காட்சிக்கு எண்

"தேவதூதர் ஒரு பெண்ணிடம் பேசுகிறார்" என்று நீங்கள் எழுதுவீர்கள், இன்னொருவர் "மங்கள வார்த்தை" என்று எழுதுவார். இரண்டையும் சேர்த்துத் தேட ஐகான்கிளாஸ் என்ற எண் முறை இருக்கிறது. நெதர்லாந்தின் லைடன் பேராசிரியர் ஹென்றி வான் டி வால் உருவாக்கியது. 7 என்றால் விவிலியம். 71 பழைய ஏற்பாடு, 73 புதிய ஏற்பாடு. மங்கள வார்த்தைக் காட்சி 73ஏ52. நோவா கதை 71பி3. யார்க்கின் உலக முடிவுக் காட்சிகள் 73ஜி-யின் கீழ் வரும். ஜெர்மன் கார்ப்பஸ் இதே எண்களைப் பயன்படுத்துவதால் உங்கள் குறிப்பும் அவர்களுடையதும் பேசிக்கொள்ளும். சரியான எண் தெரியாவிட்டால் மேல்மட்ட எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 73 என்று மட்டும் எழுதுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

படி 10: சேமிப்பு, பகிர்வு

உலாவியில் குறிப்புப் போடும் ஒரு செருகுநிரலில் நாற்பது பேனல்களுக்கு எழுதி வைத்திருந்தேன். அது எல்லாவற்றையும் உலாவியின் உள் சேமிப்பில் வைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினி மெதுவாக இருக்கிறதே என்று உலாவித் தரவைத் துடைத்தேன். அவ்வளவுதான், ஒன்றும் மிஞ்சவில்லை. எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் நாளே இரண்டு குறிப்புப் போட்டு, வெளியே ஏற்றுமதி செய்து, அந்தக் கோப்பை வேறிடத்தில் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் மூன்றாவது குறிப்பு.

ட்ரோப்பியிலிருந்து குறிப்புகளை ஜேசன் எல்டி என்ற கோப்பு வடிவில் எடுக்கலாம். அட்டவணையாக வேண்டுமென்றால் சிஎஸ்வி செருகுநிரல் இருக்கிறது. குறிப்புகளை இணையத்தில் மற்றவர்களும் பார்க்க வேண்டுமென்றால் அனோட்டோரியஸ் என்ற நிரல் தொகுப்பைக் கொஞ்சம் நிரல் தெரிந்த நண்பரை வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். அதில் பலகோண வடிவங்களையும் வரையலாம். இது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017-ல் வெளியிட்ட இணையக் குறிப்பு முறையைப் பின்பற்றுகிறது. அந்த முறையில் ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாகம்: நீங்கள் சொல்வது ஒன்று, படத்தில் எந்த இடத்தைப் பற்றி என்பது மற்றொன்று. மொழி என்ற கட்டமும் உண்டு, தமிழுக்கான குறியீட்டைப் போட்டுவிட்டால் பிற்பாடு யாரேனும் தமிழ்க் குறிப்புகளை மட்டும் பிரித்தெடுக்க முடியும்.

உங்கள் குறிப்புகளில் ஏதேனும் காப்பகத்தின் விவரத்தோடு முரண்பட்டால், உதாரணமாகப் படம் புரண்டிருந்தால், பேனல் எண் மாறியிருந்தால், அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நீளமாக வேண்டாம். ஜன்னல் எண், பேனல் எண், படத்தின் இணைப்பு, நீங்கள் பார்த்தது என்ன, எதை வைத்துச் சொல்கிறீர்கள். நான்கு வரி போதும். நான் அனுப்பியதில் ஒன்றுக்கு மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது: படத்தைத் திருப்பிவிட்டோம், நன்றி.